பழைய செட்டும் புதிய சவுண்ட்பாரும்: ஒரே கூடத்தில் வைத்துப் பார்த்த மதிப்பீடு

இன்று ஒருவர் கடைக்குப் போய் வீட்டுக் கூடத்துக்குப் படமும் பாட்டும் வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே ஜோடியைத்தான் காட்டுவார்கள்: 55 அங்குல 4கே ஸ்மார்ட் டிவி ஒன்று, அதற்குக் கீழே வைக்க ஒரு சவுண்ட்பார் என்ற நீண்ட ஸ்பீக்கர் பட்டை, மூலையில் நிறுத்தத் தாழ்ந்த ஒலிக்கென்றே ஒரு சப்வூஃபர் பெட்டி. எங்கள் கூடத்திலும் அந்த ஜோடி வந்துவிட்டது. அதே கூடத்தின் எதிர்ச்சுவரில், 1980-களின் பிற்பகுதியிலிருந்து என் தந்தை பகுதி பகுதியாகச் சேர்த்த பழைய செட்டும் இன்னும் இயங்குகிறது. ஒரு கேசட் டெக், தெரிந்த மெக்கானிக் ஒருவர் அசெம்பிள் செய்து தந்த ஆம்ப்ளிஃபையர், 8 அங்குல ஸ்பீக்கர் பொருத்திய இரண்டு மரப்பெட்டிகள், பிறகு வந்து சேர்ந்த 21 அங்குலப் பிக்சர் டியூப் டிவி என்று நான்கு உருப்படிகள் அதில் உண்டு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தும் கேட்டும் எழுதுகிற மதிப்பீடு இது. புதிய கருவிகளின் நிறுவனப் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இந்த விலைவரிசையில் எல்லா நிறுவனங்களும் ஏறக்குறைய ஒரே அமைப்பில்தான் செய்கின்றன. ஆகவே இங்கே சொல்வது அந்த வகை முழுவதற்கும் பொருந்தும்.

முதலில் படம். இதில் வாதத்துக்கே இடமில்லை. தூரதர்ஷன் பின்பற்றிய பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் ஒரு சட்டகம் 625 கோடுகளால் ஆனது. அவற்றில் 576 கோடுகளே படமாகத் தெரிபவை. வி.எச்.எஸ். நாடாவில் கிடைமட்டத் தெளிவு சுமார் 240 கோடுகளாகச் சுருங்கிவிடும். 4கே திரையில் 3840-க்கு 2160 என்ற கணக்கில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் இருக்கின்றன. நல்ல முறையில் மீட்டெடுக்கப்பட்ட ஒரு பழைய படத்தை இந்தத் திரையில் பார்த்தால், பட்டுப்புடவையின் சரிகையும், கூட்டத்தில் பின்வரிசையில் நிற்பவரின் முகமும், செட்டில் வரைந்த தூணின் தூரிகைக் கோடும் தனித்தனியே தெரிகின்றன. பழைய டிவியில் இவையெல்லாம் ஒரு பழுப்புத் திட்டாகவே தெரிந்தவை.

அந்தப் பழுப்புத் திட்டுக்கே எங்கள் பக்கத்தில் எவ்வளவு பாடுபட்டோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ஆம் நாள் தொடங்கினாலும் அதன் அலை தென்மாவட்டங்களை எட்டவில்லை. தூத்துக்குடி, இராமநாதபுரம் கடலோரத்தில் பல வீடுகளுக்கு முதலில் வந்து சேர்ந்த படம் இலங்கையிலிருந்து வந்தது. 1982-இல் தொடங்கிய ரூபவாகினியைப் பிடிப்பதற்காக உயரமான இரும்புக் குழாயில் ஆன்டெனாவையும் பூஸ்டரையும் கட்டிக் கடல் பக்கம் திருப்பி வைத்தார்கள். கொடைக்கானல் மலையில் உயர்சக்தி ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகு அதே ஆன்டெனாக்கள் மலைப்பக்கம் திரும்பின. ஒருவர் மொட்டைமாடியில் குழாயைத் திருக, இன்னொருவர் ஜன்னலில் நின்று “வந்துடுச்சு, போயிடுச்சு” என்று கத்த, திரையில் புள்ளிகளுக்கு நடுவே ஓர் உருவம் எழும். அந்த உழைப்பின் நினைவு எனக்கு இனிமையானது. அந்தப் படம் அப்படியல்ல. மின்னழுத்தம் குறைந்தால் நான்கு ஓரமும் சுருங்கும் படத்துக்காகவும், படம் உருளத் தொடங்கும்போது பின்பக்கம் கைவிட்டுத் திருகிய குமிழுக்காகவும் ஏங்குவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

புதிய திரை தந்த மிகப் பெரிய நன்மை தெளிவுகூட அல்ல, அகலம். 1970-களிலிருந்து தமிழில் சினிமாஸ்கோப் படங்கள் வருகின்றன; அவற்றின் சட்டகம் உயரத்தைப் போல் 2.35 மடங்கு அகலமானது. பழைய டிவியின் திரையோ நான்குக்கு மூன்று என்ற அளவு. திரையை நிரப்ப வேண்டும் என்று பக்கங்களை வெட்டி ஒளிபரப்பியபோது சட்டகத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் காணாமற்போனது. இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் இரண்டு மூக்குகளும் நடுவில் ஒரு சுவரும் மட்டும் தெரிந்தது அதனால்தான். ஒரு முழுத் தலைமுறை தன் விருப்பமான படங்களை அரைகுறைச் சட்டகத்தில் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறது. அந்தப் படங்களை இப்போது முழு அகலத்தில் பார்க்கும்போது, ஒளிப்பதிவாளர் ஓரத்தில் வைத்திருந்த மரமும் மனிதரும் முதன்முறையாகக் கண்ணில் படுகிறார்கள். அளவும் சேர்ந்துகொள்கிறது. தமிழக அரசு 2006-இல் வழங்கத் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி 14 அங்குலம்; மிகப் பல வீடுகளுக்கு அதுவே முதல் டிவி. 55 அங்குலத் திரையின் பரப்பு அதைப் போல் 13 மடங்குக்கும் அதிகம்.

ஒரே ஓர் இடத்தில் பழைய திரை முந்துகிறது. கல்யாண வீடியோ கேசட், விசிடி போன்ற பழைய பதிவுகளைப் புதிய திரையில் போட்டால் பார்க்கச் சகிக்கவில்லை. 576 கோட்டுப் படத்தை 2160 கோடுகளுக்கு இழுக்கும்போது உயரத்தில் ஒவ்வொரு கோடும் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. நாடாவின் ஒவ்வொரு குறையும் அதே அளவில் பெரிதாகிறது. பிக்சர் டியூப் அந்தக் குறைகளைத் தன் மென்மையில் கரைத்துவிடும். அந்தப் பதிவுகள் அந்தத் திரையை நினைத்தே செய்யப்பட்டவை. வீட்டில் பழைய கேசட்டுகள் இருந்து, இயங்கும் பிக்சர் டியூப் டிவியும் இருந்தால், எக்ஸ்சேஞ்ச் சலுகைக்காக அதைக் கொடுத்துவிட வேண்டாம் என்பது என் கருத்து. இன்னொன்று: புதிய டிவி வந்ததும் அமைப்புகளில் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இல்லாத சட்டகங்களைத் தானே உருவாக்கி நடுவில் செருகி, சினிமாவைச் சீரியல் போல ஆக்கிவிடுகிறது.

ஒலிக்கு வரும்போது தராசு மறுபக்கம் சாய்கிறது. இந்த மதிப்பீட்டை எழுத நினைத்ததே அதற்காகத்தான். மெல்லிய திரை ஸ்பீக்கருக்கு இடம் விடுவதில்லை. டிவியின் சொந்த ஸ்பீக்கர்கள் சிறியவை. கீழ்நோக்கியோ பின்னோக்கியோ ஒலிப்பவை. சென்னையில் தயாரான டயனோரா, சாலிடேர் டிவிகளின் மரப்பெட்டிகளை நினைத்துப் பாருங்கள். படக்குழாய்க்காகவே அத்தனை ஆழம் தேவைப்பட்டது. அந்த ஆழத்தின் தயவில் முன்பக்கம் பார்த்த ஸ்பீக்கருக்கும் இடம் கிடைத்தது. செய்தி வாசிப்பவரின் குரல் நெஞ்சிலிருந்து வந்தது. இன்று ஒருவர் சவுண்ட்பார் வாங்குவது ஆடம்பரத்துக்காக அல்ல, டிவியிலிருந்து எடுத்துவிட்ட ஒன்றைத் தனி விலை கொடுத்துத் திரும்பப் பெறுவதற்காக.

அதைத் திரும்பப் பெறுகிறோமா என்பதுதான் கேள்வி. ஒப்பீடு நேர்மையாக இருக்க வேண்டும் என்பதால் கேசட்டை ஒதுக்கிவிட்டு, ஒரே செல்பேசியிலிருந்து ஒரே பாட்டைக் கம்பி வழியாக இரண்டு அமைப்புகளுக்கும் கொடுத்து, ஏறக்குறைய ஒரே உரப்பில் கேட்டேன். இளையராஜாவின் 1980-களின் பாடல்களை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அவற்றில் பேஸ் கிட்டார் தாளத்துக்கு முட்டுக்கொடுப்பதோடு நிற்காமல் தனக்கென ஒரு மெட்டோடு மேலும் கீழும் நடப்பதுதான். பழைய பெட்டிகளில் அந்த நடை முழுவதும் ஒரே இடத்திலிருந்து, ஒரே கனத்தில் கேட்கிறது. சவுண்ட்பாரில் கீழ் ஸ்வரங்கள் மூலையில் இருக்கும் சப்வூஃபரிலிருந்தும், அதே வாக்கியத்தின் மேல் ஸ்வரங்கள் டிவிக்குக் கீழிருந்தும் வருகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில் இரண்டு மூன்று ஸ்வரங்கள் மெலிந்துபோகின்றன. ஆண் குரலுக்கும் இதே கதி. குரலின் அடித்தளம் சப்வூஃபருக்குப் போய்விட, பாடகர் பாதி உடம்போடு நிற்கிறார். மிருதங்கத்தில் வலப்பக்கமான வலந்தலை தெளிவாகக் கேட்கிறது; இடப்பக்கமான தொப்பியின் கும்கி என்ற தாழ்ந்த நாதம் எங்கோ அடுத்த அறையில் கேட்கிறது.

காரணம் எளிய பௌதிகம். சவுண்ட்பாரில் உள்ள ஸ்பீக்கர்கள் சுமார் 2 அங்குலம். எங்கள் மரப்பெட்டியில் உள்ளது 8 அங்குலம். விட்டம் நான்கு மடங்கு என்றால் பரப்பு 16 மடங்கு. காற்றைத் தள்ளும் பரப்பு குறைந்தால் தாழ்ந்த ஒலியை எழுப்ப முடியாது. ஆகவே சுமார் 120 முதல் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள எல்லாவற்றையும் சப்வூஃபரிடம் தள்ளிவிடுகிறார்கள். நல்ல ஸ்பீக்கர்களோடு வரும் சப்வூஃபருக்கு இந்த எல்லை 80 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எளிதில் கண்டுபிடிக்காது. எல்லை மேலே ஏற ஏற மூலை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். எங்கள் ஆம்ப்ளிஃபையரின் உள்ளே இருப்பது சான்யோ நிறுவனத்தின் எல்ஏ 4440 என்ற ஐசி. தமிழ்நாட்டில் டவுன் பஸ்ஸிலும் டீக்கடையிலும் வீட்டிலும் பாடிய செட்டுகளில் பாதி இதை நம்பி இருந்தவை என்று சொன்னால் மெக்கானிக்குகள் மறுக்கமாட்டார்கள். ஒரு பக்கத்துக்கு வெறும் 6 வாட். அந்த 6 வாட்டில் தெருவுக்கே கேட்டது. ஏனென்றால் பெரிய கூம்பு உள்ள ஸ்பீக்கர் குறைந்த சக்தியில் நிறைய ஒலிக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபெல் தரும் ஸ்பீக்கரோடு, 84 டெசிபெல் மட்டுமே தரும் சிறிய ஸ்பீக்கர் சமமாக ஒலிக்க வேண்டுமானால் அதற்கு நான்கு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். நூற்றுக்கணக்கான வாட் என்ற எண் பல நேரங்களில் ஒரு கணம் மட்டும் எட்டக்கூடிய உச்ச அளவு. அதையும் சிறிய கூம்புகள்தாம் செலவழிக்கின்றன.

இந்த அறிவு அந்தக் காலத்தில் புத்தகம் படிக்காதவர்களிடமும் இருந்தது என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது. மரப்பெட்டி செய்யக் காசில்லாத வீடுகளில் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்தோ நிமிர்த்தியோ பொருத்தினார்கள். ஸ்பீக்கரின் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால்தான் பெட்டியில்லாத ஸ்பீக்கரில் பேஸ் எழுவதில்லை. பானை பின்பக்க அலையை உள்ளே அடைத்துவிடும். உருண்டையான சுட்ட மண்ணின் சுவர், மெல்லிய பிளைவுட் போல அதிர்ந்து தன் சொந்தச் சத்தத்தைக் கலப்பதுமில்லை. சென்னை அண்ணா சாலையையொட்டிய ரிச்சி தெருவில் ஐசியும், டிரான்ஸ்ஃபார்மரும், பேஸ் டிரெபிள் போர்டும், குமிழ்களும் தனித்தனியாக வாங்கிவந்து, ஊரில் ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுத்துச் செட் கட்டியவர்கள் ஏராளம். ஆம்ப்ளிஃபையர் என்பது கடையில் எடுத்துவரும் பொருளாக இல்லாமல், தன் வீட்டுக் கூடத்தின் நீளத்தையும் தன் கையிருப்பையும் சொல்லி, அளவெடுத்துத் தைத்துக்கொண்ட சட்டையாக இருந்தது.

ஸ்டீரியோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு பெட்டிகளையும் ஆறேழு அடி இடைவெளியில் வைத்து, அதே தூரத்தில் எதிரே உட்கார்ந்தால், பாடகர் இரண்டுக்கும் நடுவே, எந்தக் கருவியும் இல்லாத வெற்றிடத்தில் நிற்பார். வயலின் கூட்டம் இடப்பக்கம் விரியும். புல்லாங்குழல் வலப்பக்கம் ஒதுங்கும். சவுண்ட்பாரின் மொத்த அகலமே மூன்றடி. அதில் இடம் வலம் என்ற பிரிவு பெயரளவுக்குத்தான் இருக்கிறது; அந்தக் குறையை ஈடுகட்டச் சேர்த்திருக்கும் செயற்கைச் சுழலொலி வசதி, குரலில் கிணற்றுக்குள் பேசும் எதிரொலியைக் கலந்துவிடுகிறது. பாட்டு கேட்கும்போது அதை அணைத்துவிட்டு வெறும் ஸ்டீரியோவில் வைப்பதே நல்லது.

படம் பார்ப்பதற்குச் சவுண்ட்பார் நன்றாகவே உழைக்கிறது. நடுவில் வசனத்துக்கென்று ஒரு ஸ்பீக்கர் இருப்பதால் பேச்சு திரையிலிருந்தே வருகிறது. திரையரங்குக்காகக் கலக்கப்பட்ட ஒலியில் வசனம் மெல்லியதாகவும் சண்டை காது கிழியும்படியும் இருக்கும். இரவில் அதைச் சமப்படுத்தும் வசதி பக்கத்து அறையில் தூங்குபவர்களுக்கு நிம்மதி. டால்பி அட்மாஸ் முத்திரைக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன் உங்கள் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். மேல்நோக்கிய ஸ்பீக்கர்களின் ஒலி தட்டையான கூரையில் பட்டுத் திரும்பினால்தான் மேலிருந்து வருவதுபோலத் தோன்றும். ஓட்டு வீட்டிலும், உத்திரங்கள் வரிசையாக ஓடும் மெட்ராஸ் டெரஸ் கூரையிலும் அந்த ஒலி சிதறிவிடும். கொடுத்த காசும் அதோடு போய்விடும்.

பழைய செட்டின் குறைகளை மறைப்பது முறையல்ல. கேசட்டில் பாட்டு தொடங்குவதற்கு முன்பே நாடாவின் ‘உஸ்’ சத்தம் தொடங்கிவிடும். எர்த் சரியில்லாவிட்டால் ஆம்ப்ளிஃபையர் ஓயாமல் ஹம் என்று முனகும். குமிழில் தூசி சேர்ந்தால் திருகும்போதெல்லாம் கரகரக்கும். பெல்ட் தளர்ந்தால் பாடகி அழுவதுபோல் இழுப்பார். நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அழுக்குப் படிந்தால் ஒலி கம்பளிக்குள் போய்விடும். நாடாவை அழுத்தி நகர்த்தும் பின்ச் ரோலர் பழுதானால் நாடாவையே சுருட்டித் தின்றுவிடும். இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு நான் பழைய டெக்கைப் பரிந்துரைக்கமாட்டேன்.

ஆனால் கேசட் வெறும் ஒலியின் தரத்தால் அளக்கக்கூடிய பொருள் அல்ல. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய இந்தச் சிறு பெட்டி தமிழ்நாட்டின் ஒவ்வொரு சிற்றூரிலும் ஒரு தொழிலை உண்டாக்கியது. ரெக்கார்டிங் சென்டர் என்ற பலகையின் கீழ் அமர்ந்திருந்தவரிடம் நோட்டுத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்போம். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறு அல்லது ஏழு பாட்டு. ஆகவே எந்தப் பாட்டைச் சேர்ப்பது, எதை விடுவது, எதை முதலில் வைப்பது என்று வீட்டில் ஆலோசனை நடக்கும். கடைக்காரர் பட்டியலைப் படித்துவிட்டு, “இதே ராகத்துல இன்னொண்ணு இருக்கு தம்பி, கடைசியில ரெண்டு நிமிஷம் மிச்சம் வருது, அதைப் போட்டுடவா?” என்று கேட்பார். அவரிடம் எல்.பி. தட்டுகளும் அவரே பதிந்துவைத்த மூல நாடாக்களும் இருந்தன. ஈக்வலைசரில் பேஸையும் டிரெபிளையும் தன் விருப்பப்படி ஏற்றியும் விடுவார். அட்டையில் அவருடைய கையெழுத்தில் பாட்டின் முதலடி வரிசையாக இருக்கும்.

அந்தத் தொழிலில் பதிப்புரிமைக்கு மரியாதை இருக்கவில்லை என்பது உண்மை; பாடலை உருவாக்கியவர்களுக்கு அதிலிருந்து எதுவும் போய்ச் சேரவில்லை. இன்றைய செயலிகள் அந்த வகையில் ஒழுங்கானவை. கோடிக்கணக்கான பாடல்களை வைத்திருக்கின்றன. கேட்ட நொடியில் தருகின்றன. தரமும் கேசட்டோடு ஒப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது. ஆனால் அவற்றின் பரிந்துரை, நான் ஏற்கெனவே கேட்டதிலிருந்து நான் அடுத்து எதைத் தவிர்க்காமல் கேட்பேன் என்று கணிக்கிறது. கடைக்காரரின் பரிந்துரையில் அவருடைய காது இருந்தது, அவருடைய பிடிவாதம் இருந்தது. அதே வேலையை இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்கள் எத்தனையோ பேருக்குச் செய்தார்கள். ஒரு மனிதர் தேர்ந்து கொடுத்த பாட்டைக் கேட்கும் சுகத்தை எந்தப் புதிய கருவியிலும் நான் இன்னும் காணவில்லை.

அன்றாடப் பயன்பாட்டில் புதிய ஜோடி என்னைப் பொறுமையிழக்கச் செய்கிறது. பழைய ஆம்ப்ளிஃபையரில் சுவிட்சைத் தட்டினால் சிவப்பு விளக்கு எரியும், பாட்டு வரும். புதியதில் டிவி எழ வேண்டும், வைஃபை சேர வேண்டும், முகப்புப் பக்கத்தின் விளம்பரங்களைக் கடக்க வேண்டும், செயலி திறக்க வேண்டும், யார் பார்க்கிறீர்கள் என்று அது கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் தனியாக இருக்கும்போது இந்தப் படிகளைக் கடக்க முடியாமல் டிவியைப் போடுவதையே விட்டுவிடுகிறார்கள் என்பது சிறிய குறையல்ல. மூன்று பொத்தான்களைத் தொட்டுப் பார்த்தே இயக்கிய டெக்கை, கண்பார்வை மங்கியவர்களும் தாமாகவே இயக்கினார்கள்.

ஆயுள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்ஏ 4440 எரிந்தால் புதியதை வாங்கி அரைமணி நேரத்தில் பற்றவைத்துவிடலாம். சவுண்ட்பாரில் எல்லாம் ஒரே போர்டில் இருப்பதால் பெரும்பாலும் போர்டையே மாற்ற வேண்டும். டிவியின் பேனல் உடைந்தால் மாற்றும் செலவு புது டிவியின் விலைக்கு அருகில் வந்துவிடுகிறது. கருவி நன்றாக இருக்கும்போதே மென்பொருளால் அது கிழடாவதும் உண்டு. 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் சில பழைய ஸ்மார்ட் டிவிகளில் தன் செயலியை நிறுத்திக்கொண்டது. அந்த டிவிகளில் ஒரு கம்பிகூடக் கெட்டிருக்கவில்லை. ஆகவே ஸ்மார்ட் வசதிகளுக்காக அதிக விலை கொடுக்காமல், நல்ல பேனலுக்குக் காசு கொடுங்கள். செயலிகள் பழையதானால் சிறிய ஸ்ட்ரீமிங் பெட்டி ஒன்றைச் செருகிக்கொள்ளலாம்.

என் தீர்ப்பு இதுதான். 55 அங்குலத் திரையைத் தயங்காமல் வாங்கலாம். சவுண்ட்பாரை, வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபையரும் இரண்டு நல்ல பெட்டிகளும் இல்லாதவர்களும், பாட்டைவிடப் படம் அதிகம் பார்ப்பவர்களும் மட்டும் வாங்கினால் போதும். பரணில் பழைய பெட்டிகள் இருப்பவர்கள் முதலில் அவற்றை இறக்குங்கள். புதிய டிவிகள் பலவற்றின் பின்பக்கம் ஆப்டிகல் வெளியீடு உண்டு. சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும், டிஜிட்டல் ஒலியைச் சாதாரண அனலாக் ஒலியாக மாற்றும் ‘டாக்’ (DAC) என்ற சிறு பெட்டியை இடையில் வைத்தால், டிவியின் டிஜிட்டல் ஒலி பழைய ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் துளைக்குப் போய்விடும். டிவியின் ஒலி அமைப்பை பிசிஎம் (PCM) என்ற சுருக்கப்படாத வடிவத்துக்கு மாற்றிவைப்பது முக்கியம். டால்பியில் விட்டால் அந்தச் சிறு பெட்டிக்கு அது புரியாது, ஒலியே வராது. ஸ்பீக்கர் கம்பிகளில் கூட்டலும் கழித்தலும் இரு பெட்டிகளிலும் ஒரேபோல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் மாறியிருந்தால் பேஸ் மாயமாகிவிடும். பெட்டிகளைச் சுவர்மூலையில் ஒட்டிவைக்காமல் சற்றே முன்னால் இழுத்து, உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு ஏற்றுங்கள். புளூடூத்தில் இணைத்துப் படம் பார்ப்பதைத் தவிர்க்கலாம். ஒலி நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பிந்துவதால் உதடும் வசனமும் ஒட்டாது.

எங்கள் கூடத்தில் இப்போது இப்படித்தான் இணைத்திருக்கிறோம். சவுண்ட்பார் பெரியவர்களின் அறை டிவிக்குப் போய்விட்டது. அங்கே வசனம் தெளிவாகக் கேட்பதால் அதற்கு நல்ல பயன். கேசட் டெக் மட்டும் தன் இடத்திலேயே இருக்கிறது. அதற்குக் காரணம் சினிமாப் பாட்டு அல்ல.

பழைய கருவிகள் பதிவும் செய்தன. சவுண்ட்பார் ஒலிக்க மட்டுமே தெரிந்தது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் விடுமுறையில் கொண்டுவந்த ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன், நம் கடலோர ஊர்களில் பாட்டுப் பெட்டியாக இருந்ததோடு தபால் பெட்டியாகவும் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாய், மகனுக்குக் கேசட்டில் பேசி அனுப்புவார். ஊருக்குப் போகிறவரிடம் மகன் தன் பதிலைக் கொடுத்தனுப்புவார். கேசட்டைப் போட்டுக் குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்கும். வளையல் சத்தமும் ஆடு கத்துவதும் நடுவில் அழுகையை விழுங்கிக்கொள்ளும் இடைவெளியும் அந்த நாடாக்களில் பதிந்திருக்கின்றன. செல்பேசி வந்தபின் பேச்சு மிகுந்துவிட்டது. பேசியவை நம்மிடம் தங்குவது குறைந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் அப்படிச் சில நாடாக்கள் உண்டு. அவற்றுக்கு முன்னால் டால்பியும் 4கேயும் பேசி எனக்கு ஆவது ஒன்றுமில்லை.

அத்தகைய கேசட்டுகள் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்; நாடாவின் காந்தப்பூச்சு ஆண்டுகள் செல்லச் செல்ல உதிரக்கூடியது. முதலில் டெக்கின் ஹெட்டையும் பின்ச் ரோலரையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, உலர விடுங்கள். ஒரு தேவையில்லாத கேசட்டைப் போட்டு டெக் நாடாவைத் தின்னவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு பழைய கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றினால் ஒட்டிக்கிடக்கும் சுற்றுகள் பிரியும். கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறிய பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிட்டால் தவறுதலாக மேலே பதிந்துவிடும் ஆபத்து இல்லை. டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கணினியின் லைன் இன் துளைக்குக் கம்பி கொடுத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில், உரத்த பேச்சிலும் அளவுகோல் சிவப்பைத் தொடாதபடி வைத்துப் பதியுங்கள். முதல் பிரதியை எம்பி3-ஆகச் சுருக்காமல் வேவ் கோப்பாகவே வையுங்கள். ‘உஸ்’ சத்தத்தை நீக்கும் முயற்சியை அதன் நகலில் மட்டும் செய்யுங்கள். மூலக் கேசட்டை வெயில் படாத இடத்தில், பெரிய ஸ்பீக்கரின் காந்தத்துக்கு அருகில் இல்லாமல், நிமிர்த்தி அடுக்கி வைக்க வேண்டும். பிரதிகளை இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் சேமித்து, பேசியவர் யார், எந்த ஆண்டு என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.